நோன்புக்கு ஆகாத பிளாஸ்டிக்

முனைவர் தமியானா நசீமுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் தனிப் பிரியம். பெரிய மனிதர்களின் வாயை அடைப்பதில் அதற்கு நிகரான பொருள் கெய்ரோ நகரத்தில் வேறொன்று இல்லை என்பது, அவள் தன் ஆராய்ச்சி வாழ்க்கையில் கண்டறிந்த முதல் உண்மை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நைலின் மேற்குக் கரையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அவள் கடைநிலை ஆய்வாளராக இருந்தபோது, அயல்நாட்டிலிருந்து ஒரு பிரிப்பு இயந்திரம் வந்து இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக்கொண்டு, இது இன்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடும் இயந்திரம் அது. விருந்தினர் முன்னிலையில் அதை ஓட்டிக் காட்டும் நாளுக்கு மாதிரிகளைக் கொண்டுவரும் பொறுப்பைத் தமியானாவிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் அவளை நன்கு அறியாதவர்கள். அவள் ஒரு சாக்கு நிறையக் கறுப்புத் துண்டுகளையே பொறுக்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு நிறம், பாய்ச்சிய ஒளியை மிச்சமின்றி விழுங்கிவிடும். இருநூறு துண்டுகள் வரிசையாக ஓடின; இயந்திரம் இருநூறு முறையும், 'இங்கே பொருள் எதுவும் இல்லை' என்று அறிவித்தது.

"என்னம்மா இது விளையாட்டு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் மம்தூஹ்.

"விளையாட்டு இல்ல, டாக்டர். நம்ம ஊர்க் குப்பையில கறுப்புதான் எக்கச்சக்கம். மிஷின் அத இல்லவே இல்லேங்குது. எங்க தெருவுல செருப்பில்லாம ஒரு நடை நடந்து பாக்கச் சொல்லுங்க, இருக்கா இல்லையான்னு அதுக்கே தெரியும்."

விருந்தினருள் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வராந்தாவில் காத்திருந்த தன் சிற்றப்பா மகள் பெப்ரோனியாவைத் தமியானா உள்ளே அழைத்துவந்தாள். இருவரும் முகத்தம் மலையடியிலுள்ள குப்பைக்காரர் பேட்டையில், ஒரே கட்டடத்தில், ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். தமியானா பள்ளிக்குப் போனாள். பெப்ரோனியா பிரிப்பறைக்குப் போனாள். அன்று பெப்ரோனியா தரையில் அமர்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசை கேட்டாள், நகத்தால் கீறினாள், வாளித் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் மூழ்குவதையும் பார்த்தாள். அரைமணி நேரத்தில் இருநூறு துண்டுகளும் ஐந்து குவியல்களாயின. ஆய்வகத்தில் சரிபார்த்தபோது தவறியவை மூன்றே.

பிரிப்பறைப் பெண்களுக்கு நான்காவதாக ஒரு முறையும் உண்டு. ஓசையும் நகமும் தண்ணீரும் கைவிட்டால் கடித்துப் பார்ப்பார்கள். வருகிற வழியில், "பெரிய மனுசங்க முன்னால வாயில கீயில வைக்காதடீ, மானம் போயிடும்" என்று தமியானா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தவறிய மூன்றும் அந்த மானத்துக்குக் கொடுத்த விலை என்று பெப்ரோனியா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

கையால் பிரிக்கும் முறையைப் பற்றித் தமியானா பின்னர் எழுதிய கட்டுரை பல நாடுகளில் படிக்கப்பட்டது. அதில் ஓசை இருந்தது, கீறல் இருந்தது, மிதப்பு இருந்தது. பல் மட்டும் இல்லை. மானம்தான் காரணம். ஆனால், ஒரு பொய்யை அச்சில் பலமுறை படித்தால் எழுதியவரே நம்பிவிடுவார். பத்து ஆண்டுகளில் தமியானாவும் நம்பிவிட்டாள்.

இயந்திரத்தை அவமானப்படுத்தியவளை என்ன செய்வது என்று டாக்டர் மம்தூஹ் ஒரு வாரம் யோசித்தார். வேலையைவிட்டு நீக்கினால் ஊர் சிரிக்கும். அருகிலேயே வைத்திருந்தால் தம் நிம்மதி போகும். கடைசியில் மூன்றாம் மாடியின் கோடியில் ஓர் அறையைக் கொடுத்து, "அங்கேயே இரும்மா, நல்லா இரும்மா" என்று அனுப்பிவைத்தார். ஜன்னல் இரண்டு, உதவியாளர் இருவர், ஓர் உருக்கும் கருவி, கதவு சரியாக மூடாத ஓர் உலர்த்தும் பெட்டி ஆகியவற்றோடு தமியானாவின் ஆட்சி அங்கே தொடங்கியது. ஒரு பாலித்தீன் பையை எத்தனை முறை உருக்கி மீண்டும் பையாக்கலாம் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நூடுல்ஸைப்போல் நீண்டு கிடக்கும் அதன் மூலக்கூறுகள் ஒவ்வோர் உருக்கலிலும் சற்றே அறுபடும்; அறுபட அறுபடப் பை நைந்துபோகும். "மாதிரிகளை எங்கிருந்து பெற்றீர்கள்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டபோது, "எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழேயிருந்து" என்று அவள் சொன்ன விடை, பொய்யன்று என்பதாலேயே தேர்வாளர்களைக் கோபப்படுத்தியது.

எத்தனை முறை உருக்கினாலும் ஒரு நாள் நைந்துபோகத்தான் போகிறது என்றால், நையும்போது மண்ணுக்கு உணவாகும் ஒன்றைச் செய்தால் என்ன? இந்தக் கேள்விதான் அவளை அடுத்த வேலைக்கு இழுத்துச் சென்றது. டெல்டாப் பகுதியிலுள்ள ஒரு பால் நிறுவனத்தில் விற்காமல் புளித்துப்போகும் பால் ஏராளம். அதன் புரதத்தைப் பிரித்து, கிளிசரின் சேர்த்து இளக்கி, சீஸ் துண்டுகளைச் சுற்றும் மெல்லிய உறையாக்கினாள். மூன்று ஆண்டுகள், ஆறு தோல்விகள், ஏழாவது வெற்றி. ஆய்வகத்தில் அதன் பெயர் 'மாதிரி ஏழு'. பார்த்தால் பாலித்தீன், தொட்டால் பாலித்தீன், மண்ணில் புதைத்தால் நாற்பதே நாளில் ஒன்றுமில்லை.

பார்த்தால் பாலித்தீன் என்பதில்தான் வம்பு இருந்தது. உண்மையான பாலித்தீனோடு இது கலந்து உருக்கும் கருவிக்குள் போனால் கருகும், குமிழ் விடும், ஒரு சாக்குச் சரக்கையே கெடுக்கும். ஆகவே நிலையத்தின் குழு ஒரு நிபந்தனை விதித்தது. கையால் பிரிக்கும் பெண்கள், கலந்து கிடக்கும் குவியலிலிருந்து இந்த உறையை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையாவது சரியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதுவும் மூன்று நாள் தொடர்ந்து. கிறித்தவர்களின் பெருநோன்பில் ஆறாம் வாரத்து வியாழக்கிழமை குழு கூடும். அதற்குள் முடியாவிட்டால் பால் நிறுவனம் விலகிக்கொள்ளும். மூன்று ஆண்டு உழைப்பு அலமாரிக்குப் போகும். அறை, வண்ணப்பூச்சுப் பிரிவின் தலைவர் ஷஃபீக்கிடம் போகும். ஷஃபீக் ஏற்கெனவே இருமுறை வந்து, திரைச்சீலை தைப்பதற்காக ஜன்னல்களை அளந்து பார்த்திருந்தார்.

"அளவு சரியா எடுத்துக்கிட்டீங்களா, டாக்டர்?" என்று தமியானா கேட்டாள்.

"சும்மா ஒரு முன்னேற்பாடுதாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

"சேச்சே. நீலம் வேண்டாம், டாக்டர், வெயில்ல வெளுத்துடும். வெளுக்காத சாயம் உங்க பிரிவுல இன்னும் கண்டுபிடிக்கலையே."

நோன்பின் நான்காம் வாரத்துத் திங்கட்கிழமை, மாதிரி ஏழின் துண்டுகளும் பாலித்தீன் துண்டுகளும் கலந்த மூன்று சாக்குகள் பேட்டையின் பிரிப்பறையில் இறங்கின. பெப்ரோனியாவின் தலைமையில் ஆறு பெண்கள் குவியலைச் சுற்றி அமர்ந்தார்கள். உறை எதனால் ஆனது என்று தமியானா சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின் சொல்லி அசத்தவேண்டும் என்று வைத்திருந்தாள். ஐம்பத்தைந்து நாள் நோன்பில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாத கிறித்தவர்கள் அந்தப் பேட்டைக்காரர்கள். அவளும் அன்று நண்பகல் பருப்புக் கஞ்சிதான் குடித்திருந்தாள். ஆயினும், மூன்று ஆண்டுகளாக 'மாதிரி ஏழு', 'புரதம்' என்றே சொல்லிச் சொல்லி, அது பால் என்ற நினைவே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

மாலையில் குழுவின் சார்பாக வந்தவர் எண்ணி முடித்துவிட்டுப் போனார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. தமியானா பெப்ரோனியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எப்படிடீ கண்டுபிடிச்சீங்க? சத்தமும் ஒண்ணு, கீறலும் ஒண்ணு. எனக்கே வித்தியாசம் தெரியாது!"

"உனக்குத் தெரியாதத அடுக்கினா இந்த மலை தாண்டும்," என்றாள் பெப்ரோனியா. "கடிச்சுப் பாத்தோம்."

"கடிச்சா?"

"பின்ன என்ன, கும்பிட்டா பாப்பாங்க? பாலித்தீன் பல்லுல மெழுகு மாதிரி நிக்கும். உன்னோடது நிக்கல. நாக்குல பட்டதும் கொழகொழன்னு கரைஞ்சு தன்னால உள்ள எறங்கிடுது. ருசி நல்லாத்தான் இருக்கு, போ. உம்மு கராஸ் ரெண்டு மூணு துண்ட சும்மாவே வாயில போட்டுக்கிட்டா."

"உப்புதான் கொஞ்சம் கம்மி," என்றாள் உம்மு கராஸ். ஆறு பேரிலும் மூத்தவள், பருத்தவள், உண்மையை மறைக்கத் தெரியாதவள்.

அப்போதுதான் தமியானாவுக்கு அது பால் என்ற நினைவு வந்தது. நடு நோன்பில் ஆறு கிறித்தவப் பெண்களுக்குப் பால் புகட்டியிருக்கிறாள். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நாளைக்கு ஒருத்தியும் குவியலைத் தொடமாட்டாள். வாயைத் திறந்தாள், "நாளைக்கும் இதே நேரம் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு தந்திரத்தோடு வந்தாள். ஒரு கூடை வறுத்த பூசணி விதை, ஒரு பொட்டலம் கிராம்பு, இரண்டு பெட்டி சூயிங்கம். வாய்க்கு வேலை இருந்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்கத் தோன்றாது. ஓசையையும் நகத்தையும் கொண்டே ஒப்பேற்றிவிடுவார்கள். கட்டுரையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது! பெண்கள் மகிழ்ச்சியோடு விதையைக் கொரித்தார்கள், கதை பேசினார்கள், கையில் வந்ததை வந்த பக்கம் எறிந்தார்கள். நண்பகல் வரை எண்ணிப் பார்த்ததில், நூற்றுக்கு அறுபத்தொன்று.

"இன்னிக்கு என்னடீ ஆச்சு உங்களுக்கு?" என்றாள் தமியானா, அழாத குறையாக.

"வாய் நிறைய விதைய வச்சுக்கிட்டு எப்படிக் கடிக்கிறது?" என்றாள் பெப்ரோனியா.

"கடிக்காமதான் பிரிங்களேன்."

"ஏனாம்?"

"பல்லுக்கு நல்லதில்ல."

பெப்ரோனியா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "இருபத்தஞ்சு வருசமாக் கடிக்கிறேன். இன்னிக்குத்தான் என் பல்லு மேல உனக்குக் கரிசனம் பொங்குதா? சின்ன வயசுல ஒரு விதை கேட்டாத் தோலிய நீட்டுவ. இப்பக் கூடை கூடையாக் கொண்டாந்து கொட்டுற. ஏண்டீ, உன் பிளாஸ்டிக்குல என்ன இருக்கு? விசமா?"

"ஐயோ, விசமெல்லாம் இல்ல!"

"அப்ப என்ன?" வலக்கை மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்த சிலுவையை அவள் தமியானாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது மேல கை வச்சுச் சொல்லு."

தமியானாவின் மணிக்கட்டிலும் அதே சிலுவை இருந்தது. இரண்டு சிலுவைகளுக்கு நடுவில் பொய் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"பாலு," என்றாள்.

"எந்தப் பாலு?"

"மாட்டுப்பாலு." சற்று நின்று, ஆராய்ச்சியாளருக்குரிய நேர்மையோடு, "எருமைப்பாலும் கொஞ்சம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

உம்மு கராஸ் வாயிலிருந்த விதையை உள்ளங்கையில் துப்பி, கவலையோடு உற்றுப் பார்த்தாள். "இந்த விதையிலயாச்சும் ஏதாவது இருக்கா, டாக்டரம்மா?"

அதன்பின் எழுந்த கூச்சலில் பக்கத்து அறையின் அரைக்கும் இயந்திரமே தோற்றுப்போனது. "ஆறு பொம்பளைங்க நோன்பையும் கெடுத்துட்டாளே!" என்றாள் ஒருத்தி. "படிச்ச கழுத!" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சேர்ந்து விழுங்கியது ஒரு கரண்டித் தயிர் அளவுகூட வராது என்று தமியானா கணக்குச் சொன்னாள். "அப்ப ஒரு கரண்டிப் பாவம்," என்றாள் பெப்ரோனியா. "எந்திரிங்கடீ, அபூனாகிட்டப் போவோம்." ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆறு பேரும் தெருவில் இறங்கினார்கள். ஏழாமவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னே நடந்தாள்.

பேட்டைத் தேவாலயத்துக் குருவான அபூனா சராபாமூன், குருப்பட்டம் பெறுவதற்கு முன் மருந்துக்கடை வைத்திருந்தவர். தாடி வெளுத்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதை முழுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தன கிராம்?" என்றார்.

"ஆளுக்கு ரெண்டு கிராம் இருக்கும், அபூனா," என்றாள் தமியானா.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"நான் நாலு கிராம், அபூனா," என்று உம்மு கராஸ் தானாகவே முன்வந்து அறிக்கையிட்டாள்.

அபூனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியை அவர் துடைத்தால் சிரிப்பை அடக்குகிறார் என்று பேட்டை முழுவதும் அறியும். "தெரியாமச் சாப்பிட்டவங்க மேல குத்தம் இல்ல. போயி நிம்மதியா நோன்பத் தொடருங்க. ஆனா, தமியானா, உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்துச் சாயங்காலம்."

"அப்பறமும் இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் வாயத் தொறக்கல."

"இல்ல, அபூனா."

"தொறக்க வேண்டியப்பத் தொறக்காத வாயி இன்னும் கொஞ்ச நாள் மூடியே கெடக்கட்டும். நோன்பு முடியிற வரைக்கும் செவ்வாய், வியாழன், சனி, மூணு நாளும் மத்தியானத்துக்கு மேல இவங்களோட உக்காந்து நீயும் பிரிக்கணும். ஒரு வார்த்த பேசக்கூடாது. இவங்க என்ன சொன்னாலும் சரி."

பெண்களின் முகங்கள் விளக்கேற்றியதைப்போல் மலர்ந்தன. என்ன சொன்னாலும் சரி என்றால், சொல்வதற்கு அவர்களிடம் இருபத்தைந்து ஆண்டுச் சேமிப்பு இருந்தது.

தண்டனை அன்றே தொடங்கியது. அன்றாடக் குப்பைக் குவியலின் முன் தமியானா சப்பணமிட்டு அமர்ந்தாள். "டாக்டரம்மா கையப் பாருடீ, பஞ்சு!" என்றார்கள். "கறுப்புத் துண்ட வெள்ளையோட போடுறா, கண்ணுலயும் கோளாறு போல" என்றார்கள். அவளுடைய திருமணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் பிளாஸ்டிக் நாற்காலியின் குணங்களை விளக்கிய கதையை ஒருத்தி நடித்தே காட்டினாள். தமியானா உதட்டை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். கடைசியில் பெப்ரோனியா கையிலிருந்த துண்டை எறிந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏண்டீ, நாங்க பால் இல்லாம அம்பத்தஞ்சு நாள் இருக்கோம். உன் பிளாஸ்டிக்கால இருக்க முடியாதா?"

பதில் சொல்ல முடியாத நிலையில் கேட்ட கேள்வி ஆதலால், அது தமியானாவின் உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. பதில் சொல்ல முடிந்திருந்தால், "அது அவ்வளவு சுலபமில்லடீ" என்று சொல்லிவிட்டுத் தப்பியிருப்பாள். இப்போது வேறு வழியின்றி யோசித்தாள். புரதம் பாலில்தானா இருக்கிறது? நாடே காலையில் அவித்துத் தின்கிற ஃபூல் பயற்றில் இல்லையா? ஆறு தோல்விகளில் நான்காவது அதனால் ஆனதுதான். உறுதியில் குறையொன்றுமில்லை, இளமஞ்சள் நிறமும், அவித்த பயற்றின் வாசனையும் போகவே மாட்டேன் என்றதால் கைவிட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பழைய குறிப்பேடு மேசைக்கு வந்தது. குழு கூடுவதற்கு இரண்டு வாரமும் ஒரு நாளும் இருந்தன. ஆய்வகத்தில் அண்டா அண்டாவாகப் பயறு ஊறியது. மூன்றாம் மாடி முழுவதும் சிற்றுண்டிக் கடையைப்போல் மணக்கவே, வழி தவறிய இரண்டு பேர் தட்டோடு வந்து நின்றார்கள் என்று காவலாளி சொன்னார். சனிக்கிழமை பிரிப்பறைக்குப் போனபோது, தன் உறையில் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதி, தமியானா வாய்பேசாமல் பெப்ரோனியாவின் முன் நீட்டினாள். பெப்ரோனியா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பயறு, சரி. தண்ணி, சரி. கிளிசரின்னு போட்டிருக்கே, அது எதுலேருந்து வருது?"

தமியானாவுக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே போய்ப் பேசினால் தண்டனையை மீறியதாகாது என்று பெருந்தன்மையோடு அனுமதி வழங்கப்பட்டது. அவள் வெளியே போய் விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க கிளிசரின் நோன்புக்கு ஆகுமா?"

"என்ன ஆகுமா?"

"மிருகக் கொழுப்பா, எண்ணெயான்னு கேக்கிறேன்."

"இருபது வருசமா விக்கிறேம்மா. யாரும் அதச் சாப்பிடப்போறேன்னு சொன்னதில்ல," என்றார் அவர். பிறகு பார்த்துச் சொன்னார். மிருகக் கொழுப்புதான். அன்று மாலையே எண்ணெயிலிருந்து எடுத்த வேறு கிளிசரின் வாங்கப்பட்டது. பெப்ரோனியா, ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கொள்முதலைத் திருத்திய பெருமையோடு மூன்று நாள் நடமாடினாள்.

ஆறாம் வாரத்துத் திங்களன்று புதிய சாக்குகள் வந்தன. ஆறு பெண்களும் அமர்ந்தார்கள். யாரும் கடிக்கவில்லை, தட்டவுமில்லை, கீறவுமில்லை. பிடி பிடியாக அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்கள். வலமும் இடமும் எறிந்தார்கள். திங்கள் தொண்ணூற்றெட்டு, செவ்வாய் தொண்ணூற்றொன்பது, புதன் தொண்ணூற்றொன்பது. குப்பையில் வந்த எதையும் இனி வாயில் வைக்க வேண்டியதில்லை என்பதில் எல்லாருக்கும் நிறைவு. உம்மு கராஸுக்கு மட்டும் சற்றே ஏமாற்றம்.

"உன் பிளாஸ்டிக் வர்றதுக்கு முன்னாடியே அதோட வாசன வந்து கதவத் தட்டுது," என்றாள் பெப்ரோனியா.

எந்த வாசனைக்காக ஓர் உறையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கினாளோ, அதைப்போன்ற ஓர் அடையாளத்தைத்தான் இயந்திரமும் கட்டுரையும் தேடிக்கொண்டிருந்தன என்பது தமியானாவுக்கு அப்போது விளங்கியது. பாலித்தீனைப்போலவே இருக்கவேண்டும் என்று மூன்று ஆண்டுகள் பாடுபட்டது வீண். பாலித்தீன் அன்று என்று தானே சொல்லிக்கொள்ளும் உறைதான் பிரிப்பவர்களுக்கு வேண்டியது.

வியாழக்கிழமை காலையில் குழு கூடியது. டாக்டர் மம்தூஹ் நடுவில் அமர்ந்தார். ஷஃபீக் அளவு நாடாவைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்; அதன் நுனி வெளியே தெரிந்தது. மரியாதையாக 'பே' என்று அழைக்கப்படும் பால் நிறுவன மேலாளர் ராஃபத் எண்களைப் படித்துத் தலையசைத்தார். பிறகு உறையை எடுத்து முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"டாக்டரம்மா, நான் குடுத்தது பாலு. திரும்பி வந்திருக்கிறது பயறு."

"ஆமாங்க, பே."

"என் சீஸ்ல ஃபூல் வாசன வீசுனா எவன் வாங்குவான்? காலையில ரொட்டிக்குள்ள வச்சுத் தின்னுட்டு வந்தவன்கூட வாங்கமாட்டான். எண்ணிக்கையெல்லாம் பிரமாதம். ஆனா எங்க கம்பெனி இதுல இருந்து ஒதுங்கிக்குது. மன்னிச்சுக்கோங்க."

ஷஃபீக் பெருமூச்சு விட்டார். அதில் வருத்தம் இருந்ததாக யாரும் சாட்சி சொல்லவில்லை. டாக்டர் மம்தூஹ் தாளை மடிக்கத் தொடங்கினார். மூன்றாம் மாடியின் இரண்டு ஜன்னல்களும் தன்னைவிட்டு நடந்துபோவதைத் தமியானா கண்டாள். மறுகணம் அவளுடைய முகத்தில் ஓர் அப்பாவித்தனம் படிந்தது. அவளை அறிந்தவர்கள் அந்த முகத்தைக் கண்டால் இரண்டடி விலகி நிற்பார்கள்.

"ஒரே ஒரு சந்தேகம், பே. உங்க கம்பெனி நோன்புச் சீஸ் போடுதில்ல?"

"போடுறோம். பால் துளிகூட இல்லாதது, சுத்த எண்ணெய். கிறிஸ்தவங்க நோன்புக் காலத்துல அதத்தான் கேட்டு வாங்குறாங்க."

"பொட்டலத்து மேல 'நோன்புக்கு உகந்தது'ன்னு பெருசா எழுதியிருக்கும்."

"கண்டிப்பா."

"அத நான் மொதல்ல செஞ்ச பால் உறையில சுத்தி அனுப்பியிருந்தா?"

ராஃபத் பே கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பேட்டையில பெப்ரோனியான்னு ஒருத்தி இருக்கா, பே. உறையில பால் இருக்குன்னு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அவளோட இன்னும் அஞ்சு பேரு. அன்னிக்கே குருகிட்டப் போயிட்டாங்க. என்னாலேயே அவங்க வாய அடைக்க முடியல. அது வெறும் சோதனைச் சாக்கு. அதுக்கே அந்தப் பாடு. உங்க பேரு போட்ட பொட்டலமா இருந்திருந்தா, ஞாயித்துக்கிழமைப் பூசை முடியிறதுக்குள்ள அலெக்ஸாந்திரியா வரைக்கும் போயிருக்கும்."

மேலாளர் உறையை மேசைமேல் வைத்தார். மீண்டும் எடுத்தார். இம்முறை அதை முகர்ந்தபோது முகம் அவ்வளவாகச் சுருங்கவில்லை.

"நோன்பு வருசத்துல எத்தன நாளு?"

"எல்லா நோன்பையும் சேத்தா இருநூறுக்கு மேல, பே."

"இருநூறா!" அவருடைய கை தானாகவே பேனாவைத் தேடியது. "நோன்புச் சீஸுக்கு மட்டும்னு எழுதிக்குங்க. இப்போதைக்கு."

"எழுதிட்டேன்," என்றார் டாக்டர் மம்தூஹ். அவர் உண்மையிலேயே முன்பே எழுதியிருந்தார். ஷஃபீக், சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த நாடாவின் நுனியை விரலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

கையெழுத்தின் மை உலர்வதற்குள் தமியானா பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். அறை தன்னுடையது! உறை வெளிவரப்போகிறது! நைலைக் கடக்கும்போது பக்கத்து இருக்கைக்காரியிடமே சொல்லிவிடத் தோன்றியது. அடக்கிக்கொண்டாள். முதலில் பெப்ரோனியாவிடம் சொல்லவேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும்.

பிரிப்பறையின் படியில் கால் வைத்தபோது தேவாலயத்து மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. வியாழக்கிழமை. மத்தியானத்துக்கு மேல்.

திறந்த வாயை அவள் அப்படியே மூடினாள். ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கன்னம் சிவந்து, கண் மின்ன, மூச்சு வாங்க, உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு நிற்கும் டாக்டரம்மாவைக் கண்டதும் செய்தி இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. உம்மு கராஸ் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பெப்ரோனியா அவளை முழங்கையால் இடித்தாள்.

"இவ என்னமோ சொல்லணும்னு துடிக்கிறா போல," என்றாள், குவியலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "யாரும் கேக்காதீங்கடீ. சாயங்காலம் வரைக்கும் வெந்து கெடக்கட்டும்."

பிறகு, தன் பக்கத்திலிருந்த சாக்கைச் சற்றே நகர்த்தி, அவள் உட்காருவதற்கு இடம் செய்து கொடுத்தாள்.